பூட்டிய வீடும் ஈரக் காற்றும்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கியதும் குனோங் ராபாட் வட்டாரத்தில் பல வீடுகளின் வாயிற்கதவுகள் பூட்டப்படுகின்றன. சிலர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் வீட்டுக்குச் செல்கின்றனர். சிலர் தமிழகத்தில் இருக்கும் பாட்டன் ஊரைப் பார்த்து வரப் புறப்படுகின்றனர். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது நம்மை முதலில் வரவேற்பது ஒருவகைப் புழுங்கிய வாடை. அலமாரியைத் திறந்தால் தோல் காலணியின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். பட்டுச் சேலையின் மடிப்பில் பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருக்கும். கோப்பில் வைத்த பிறப்புப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் நமத்துப் போயிருக்கும். வீட்டில் யாருமே இல்லாதபோது இந்தச் சேதத்தை விளைவித்தது எது?

இதற்கு விடை காண, நம் நாட்டுக்கு நேர்மாறான தட்பவெப்பம் உள்ள ஓர் ஊரை முதலில் பார்ப்போம். கனடாவின் தொரொந்தோ நகரில் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அங்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெளிவெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். அந்நாள்களில் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் வீட்டின் வெப்பமூட்டியை முழுவதுமாக அடைப்பதில்லை. ஆளில்லாத வீட்டைச் சூடாக்குவது வீண் செலவு என்றே நமக்குத் தோன்றும். ஆயினும், அந்தச் சூடு மனிதருக்காக அன்று. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்காக.

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரோ 4 பாகை செல்சியஸ் வரை சுருங்கி, அதற்குக் கீழே குளிர்ந்தால் விரிவடையத் தொடங்கும். பனிக்கட்டியாக உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. நீர் நிறைந்த கண்ணாடிப் புட்டியை உறைபெட்டியில் மறந்து வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குழாய்க்குள் உறையும் நீருக்கு விரிய இடமில்லை. எனவே, குழாய் வெடிக்கிறது. வெடித்தது உடனே தெரிவதில்லை. பனிக்கட்டியே அந்த வெடிப்பை அடைத்துக்கொண்டிருக்கும். குளிர் தணிந்து பனி உருகும் நாளில்தான் நீர் பீறிட்டு வீட்டை நிறைக்கும். அப்போது அதை நிறுத்த வீட்டில் ஆளிருக்காது. ஆகவேதான், அங்குள்ள பல வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தங்கள், குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வெளியூர் செல்வோருக்கு நிபந்தனை விதிக்கின்றன. வேறொருவர் நாள்தோறும் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், நீர்க்குழாயை மூடி உள்ளிருக்கும் நீரை வடித்துவிட வேண்டும்.

வழக்கமாக 21 பாகையில் இருக்கும் வீட்டை, வெளியூர் செல்லும்போது 15 பாகைக்குக் குறைத்து வைப்பது அங்குள்ளோர் பழக்கம். இதனால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே -4 பாகை என்றால், முதலில் வேறுபாடு 25 பாகை. பின்னர் 19 பாகை. ஏறக்குறைய கால் பங்குச் செலவு குறைகிறது. "வீடு குளிர்ந்தால் மீண்டும் சூடாக்க இரட்டிப்புச் செலவாகும், ஆகவே குறைக்கவே கூடாது" என்று சொல்வோரும் உண்டு. அது தவறான கணக்கு. குளிர்ந்த வீடு குறைவான வெப்பத்தையே இழக்கிறது என்பதால், குறைத்து வைத்த ஒவ்வொரு மணி நேரமும் மிச்சமே. அப்படியானால் 5 பாகைக்குக் குறைத்தால் என்ன? வெப்பமானி கூடத்தின் நடுவில் இருக்கிறது; குழாயோ வெளிச்சுவரை ஒட்டி ஓடுகிறது. கூடத்தில் 5 பாகை இருக்கும்போது சுவரோரத்தில் நீர் உறையக்கூடும்.

குனோங் ராபாட்டில் குழாய் உறையப்போவதில்லை. இங்கு விடியற்காலையில்கூட வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும். ஆனால் தொரொந்தோவில் வீட்டைக் கெடுக்கும் அதே பொருள்தான் இங்கும் வீட்டைக் கெடுக்கிறது. அது தண்ணீர். அங்கே அது பனிக்கட்டியாக வருகிறது; இங்கே கண்ணுக்குத் தெரியாத நீராவியாகக் காற்றில் கலந்து வருகிறது. அதை விரட்டவும் வெப்பமே உதவுகிறது. பேராக் மாநிலத்தின் பழைய தோட்டத் தொழிலாளர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள்; ஏனெனில், ஆள் குடியிராத ஒரு கட்டடத்தை இரவு பகலாகச் சூடாக்குவது அவர்கள் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அந்தக் கட்டடம் ரப்பர் புகைக்கூடம். மரத்திலிருந்து எடுத்த பாலை அமிலம் ஊற்றி உறைய வைத்து, இயந்திரத்தில் அழுத்தி ஷீட்டுகளாக்குவார்கள். ஈரமான அந்த ஷீட்டுகளை அப்படியே அடுக்கி வைத்தால் சில நாள்களில் பூஞ்சணம் பிடித்துவிடும், விலையும் போய்விடும். ஆகவே, அவற்றைப் புகைக்கூடத்தின் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, அடுப்பில் ரப்பர் விறகை எரிப்பார்கள். உள்ளே 40 முதல் 60 பாகை வரை வெப்பம் இருக்கும். மூன்று நான்கு நாளில் வெள்ளை ஷீட்டு தேன் நிறத்துக்கு மாறிவிடும். கூரைப் பகுதியில் காற்றுப்போக்கிகள் இருக்கும். அவற்றின் வழியாக ஈரக் காற்று வெளியேறாவிட்டால், எவ்வளவு விறகு எரித்தாலும் ஷீட்டு காயாது. புகையில் உள்ள சில வேதிப்பொருள்களும் பூஞ்சணத்தைத் தடுத்தன. வெப்பம், காற்றோட்டம் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் ஈரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதன் அறிவியல் காரணத்தைச் சில எண்களால் விளக்கலாம். ஒரு கனமீட்டர் காற்று, 24 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 22 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்றை 32 பாகைக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 34 கிராம் வரை தாங்கும். தாங்கக்கூடிய அளவில் எத்தனை விழுக்காடு நீராவி உண்மையில் இருக்கிறது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். விடியற்காலை 24 பாகையில் காற்றில் 21 கிராம் நீராவி இருந்தால், ஒப்பு ஈரப்பதம் 95 விழுக்காடு. நண்பகலில் 32 பாகையில் அதே 21 கிராம் இருந்தாலும், ஒப்பு ஈரப்பதம் 62 விழுக்காடுதான். நீராவியின் அளவு மாறவில்லை. காற்றின் கொள்திறன்தான் மாறியது. பூஞ்சணத்திற்குத் தேவையானது இந்த விழுக்காடு. பொதுவாக 70, 80 விழுக்காட்டைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் அது முளைக்கத் தொடங்கும். நாள்தோறும் சில மணி நேரம் அதற்குக் கீழே இறங்கினால் அதன் வளர்ச்சி தடைப்படும்.

ஆகவே, நம் வீட்டுக்கு வேண்டிய வெப்பமூட்டியைக் கூரைக்கு மேலே கதிரவனே இலவசமாக நடத்துகிறது. நாம் குடியிருக்கும்போது காலையில் சன்னலைத் திறக்கிறோம், மின்விசிறியைச் சுழற்றுகிறோம், அலமாரிக் கதவைப் பலமுறை திறந்து மூடுகிறோம். இவையெல்லாம் நம்மையறியாமலேயே வீட்டைக் காய வைக்கின்றன. வீட்டைப் பூட்டியதும் அவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. ஈப்போவில் ஏப்ரலை ஒட்டி ஒரு மழைப்பருவமும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றொரு மழைப்பருவமும் உண்டு. ஆண்டிறுதி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டும்போது சுவர்கள் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருக்கின்றன.

குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குள் இருக்கும் சாம் போ தோங், கெக் லோக் தோங் குகைக் கோயில்களுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உட்பாறை குளிர்ந்திருக்கும். சில இடங்களில் தொட்டால் கை ஈரமாகும். வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும்போது நீராவி நீர்த்துளியாகிறது. சுவரை ஒட்டி நிறுத்திய அலமாரியின் பின்புறமும் ஒரு சிறு குகைதான். அங்கே வெயிலும் படாது, காற்றும் நகராது. வீட்டில் பூஞ்சணம் முதலில் குடியேறும் இடம் பெரும்பாலும் அதுவே.

புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாள் இதற்காகச் செலவிடத் தக்கவை. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து வைக்கலாம். துவைத்த துணி முழுவதும் காயாமல் உள்ளே போகக் கூடாது. ஈரத் துண்டு ஒன்று போதும், அலமாரி முழுவதையும் கெடுக்க. உள்ளறைக் கதவுகளையும் அலமாரிக் கதவுகளையும் திறந்தே விடுவது நல்லது. திருடருக்கு அஞ்சி வெளிச்சன்னல்களை மூடத்தான் வேண்டும். ஆனால் நம் வரிசை வீடுகளில் பலவற்றில் சன்னலுக்கு மேலே துளைக்கற்கள் பதித்திருப்பார்கள். குளிரூட்டி பொருத்தியபோது அந்தத் துளைகளை நெகிழித் தாள் ஒட்டி அடைத்துவிட்டிருந்தால், அதை எடுத்துவிட்டுக் கொசுவலை பொருத்தலாம். அவற்றை வைத்துக் கட்டியவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். தோட்டத்து லயங்களில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அதன்மேல் பூஞ்சணம் எளிதில் வளராது. மேலும், அது சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் வெளியேற விடுகிறது.

சான்றிதழ், நிழற்படத் தொகுப்பு, பட்டுச் சேலை போன்றவை வேறு வகை. இவற்றுக்குக் காற்றோட்டத்தைவிட, நன்றாகக் காய வைத்தபின் காற்றுப்புகாப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிறுபொதிகளோடு மூடி வைப்பதே பாதுகாப்பு. முற்காலத்தில் சிலர் துணி அலமாரிக்குள் ஒரு குமிழ்விளக்கை எரியவிட்டுச் சூடாக்குவார்கள். அந்த விளக்கு மின்னாற்றலின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிட்டது. இன்றைய எல்.இ.டி. விளக்கால் அந்தப் பயன் மிகக் குறைவு. பழைய விளக்கு கிடைத்தாலும், ஆளில்லாத வீட்டில் துணிக்கு நடுவே சூடான விளக்கை விட்டுச் செல்வது தீயை அழைப்பதாகும். குளிரூட்டியை நாளுக்கு இரண்டு மணி நேரம் தானாக ஓடும்படி அமைத்துச் செல்வோரும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை எடுப்பது உண்மையே. ஆனால் அது நின்றதும், குளிர்ந்துபோன சுவர்மேல் வெளியிலிருந்து நுழையும் ஈரக் காற்று படிகிறது. செலவைப் பார்க்கும்போது இந்த முறை அவ்வளவாகப் பலன் தருவதன்று.

கவனிப்பார் இல்லாத கட்டடத்தை நம் நாட்டு மழை எப்படி நடத்தும் என்பதைப் பார்க்க, பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி கோட்டைக்குச் செல்லலாம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்ட முதலாளி 1915ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அதில் உழைத்தார்கள். 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்தபின் கட்டடம் முடிக்கப்படாமலேயே நின்றது. பின்னர் நெடுங்காலம் காடு அதை மூடிக் கிடந்தது. இன்று பராமரிக்கப்படுகிறது என்றாலும், செங்கற்களில் படிந்த கருமை இன்னும் தெரிகிறது.

பூஞ்சணத்தால் கெடுவது நம் பொருள். தேங்கிய நீரால் கெடுவதோ அடுத்த வீட்டுக்காரரின் உயிர். ஆளில்லாத வீட்டில் இதுவே மிகப் பெரிய ஆபத்து. ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய நீருள்ள கலனின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். நம் நாட்டு வெப்பத்தில் அந்த முட்டை முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இரண்டு வார விடுமுறைக்குள் ஒரு தலைமுறை பறந்துவிடும். நீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. பல மாதம் காய்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே, பூந்தொட்டித் தட்டில் உள்ள நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. அதன் ஓரத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 பேர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளானார்கள்; அவர்களில் 182 பேர் உயிரிழந்தார்கள். வீட்டு வளாகத்தில் கொசு இனப்பெருக்கத்துக்கு இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டில் ஆளில்லை என்பதற்காக அந்தப் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

பூந்தொட்டி, வாளி, பழைய டயர் ஆகியவை எல்லாருக்கும் நினைவுக்கு வரும். எளிதில் மறந்துபோகும் இடங்கள் வீட்டுக்குள்ளேயே உள்ளன. கழிப்பறைக் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் நீர் நாள்தோறும் பயன்படுத்தும்வரை ஆபத்தில்லாதது. பயன்பாடு நின்றதும் அதுவே குளமாகிறது. அதன் மூடியை மூடி, இடைவெளியை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடலாம். சில குளிர்சாதனப் பெட்டிகளின் பின்புறம் கீழே ஒரு நீர்த்தட்டு உண்டு. சாமி மேடையில் பூ வைத்த சொம்பும் அப்படிப்பட்டதே. குளியலறைத் தரையில் உள்ள வடிகால் துளைக்கு அடியில் சிறிதளவு நீர் எப்போதும் நிற்கும். கழிவுநீர்க் குழாயின் நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்த நீரே. அதை அகற்ற முடியாது, அகற்றவும் கூடாது. துளைக்கு மூடி போடுவதோடு, ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால், நீர் ஆவியாவதும் குறையும். நீருக்குமேல் வந்து மூச்சுவிடும் கொசுப்புழுவும் பிழைக்காது. காலி செய்ய முடியாத பெரிய தொட்டிகளில், பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்ற அளவில் அபேட் மருந்தைப் போடலாம்.

குழாய் உறையாது என்பதற்காக நீர்க்கட்டுப்பாட்டை மறக்கலாகாது. கழிப்பறை நீர்த்தொட்டியின் இரப்பர் வளையமோ, கூரையடி நீர்த்தொட்டியின் மிதவையோ பழுதானால், மூன்று வாரம் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். நீர்மானிக்கு அருகிலுள்ள முதன்மை அடைப்பானை மூடிவிட்டுப் புறப்படுவது தொரொந்தோவுக்கு மட்டுமன்றி ஈப்போவுக்கும் பொருந்தும்.

மின்சாரத்தில் அணைக்க வேண்டியவையே மிகுதி. இடி மின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. தொலைக்காட்சி, இணையக் கருவி ஆகியவற்றின் செருகிகளைப் பிடுங்கி வைப்பது அவற்றைக் காக்கும். சிறிது மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். பத்து வாட் மட்டுமே எடுக்கும் கருவிகூட இரண்டு வாரம் இடைவிடாமல் இயங்கினால் 3.4 கிலோவாட் மணி மின்சாரத்தைச் செலவழிக்கும். வாசல் விளக்கைப் பலர் அணைக்காமல் செல்கின்றனர். இரவில் அது காவல்தான். நண்பகலிலும் எரியும்போது, இந்த வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே அறிவிக்கிறது. இருட்டினால் மட்டும் எரியும் உணரி விளக்கு கடைகளில் கிடைக்கிறது. பயணத்துக்கு முன் சாமிக்கு ஏற்றிய விளக்கு முழுவதும் அணைந்துவிட்டதா என்று வீட்டில் ஒருவர் பார்த்தபின்பே கதவைப் பூட்ட வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியை என்ன செய்வது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் கருத்து மாறும். ஒரு வாரப் பயணம் என்றால் ஓடவிடலாம். மாதக்கணக்கில் செல்வதானால் காலி செய்து, துடைத்து, அணைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துண்டைச் செருகி வைக்க வேண்டும். அணைத்த பெட்டியை மூடி வைத்தால் நாம் அலமாரியில் அஞ்சிய பூஞ்சணம் இங்கே இன்னும் விரைவாக வளரும். ஓடவிட்டுச் செல்வோருக்கு வேறொரு கவலை உண்டு. மின்னல் வெட்டினால் வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் தானாக விழுந்துவிடும். வீட்டில் ஆளிருந்தால் உடனே தூக்கிவிடுவோம். ஆளில்லையேல், பெட்டி அணைந்தே கிடக்கும். உறைபெட்டியில் உள்ள மீனும் இறைச்சியும் அழுகிப்போகும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஆறாம் நாள் அதைத் தூக்கிவிட்டால், அழுகியது மீண்டும் உறைந்து, பார்ப்பதற்கு நல்லதுபோலவே இருக்கும். இதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு குவளை நீரை உறைபெட்டியில் உறைய வைத்து, அதன்மேல் இருபது காசு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் அச்சமில்லை. குவளையின் அடியில் கிடந்தால், பனிக்கட்டி ஒருமுறை முழுவதும் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. பெட்டியில் இருக்கும் உணவு அனைத்தையும் வீசிவிட வேண்டும்.

வீட்டுச் சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடமோ அருகில் வாழும் உறவினரிடமோ கொடுத்துவிட்டுச் செல்வது தோட்டத்து மக்களின் பழைய வழக்கம். வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய நண்பகலில் வந்து, கதவையும் சன்னலையும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். காலையிலோ மழை நேரத்திலோ திறந்தால் ஈரமே உள்ளே வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வந்தவர்கள் மழைநீர்ப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா, வாசலில் நீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் போவார்கள். ஊரிலிருந்து திரும்பும்போது அவர்களுக்கென ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி வருவதும் அதே வழக்கத்தைச் சேர்ந்ததுதான்.